இதோ வந்துட்டேன்

கோரைக்குளத்தின் நடுவில், நாணலோடு சேர்த்துக் கட்டிய மிதக்கும் கூட்டில், குமிழி என்ற முக்குளிப்பான் குடியிருந்தாள்.

முக்குளிப்பானை முதல்முறை பார்ப்பவர்கள் வாத்துக்குஞ்சு என்று நினைத்துவிடுவார்கள். அதன் காதில் விழும்படி அப்படிச் சொல்லக் கூடாது. அது தனிக் குலம். நினைத்த நொடியில் தண்ணீருக்குள் மறைந்து, யாரும் நினைக்காத இடத்தில் எழும்புவது அதன் தொழில்.

அந்த ஆண்டு குமிழி நான்கு முட்டைகள் இட்டாள். மூன்று கூமுட்டையாகப் போயின. ஒன்றுதான் பொரிந்தது. அதற்குத் திவலை என்று பெயர் வைத்தாள். அப்பா முக்குளிப்பானுக்கு நாமக்கோழிகளோடு எல்லைத் தகராறு. விடிந்தால் கிழக்குக் கரை, பொழுது அடைந்தால் வீடு. ஆகவே பிள்ளை வளர்ப்பு முழுவதும் குமிழியின் தலையில் விழுந்தது. முதுகில் விழுந்தது என்று சொல்வதே சரி. முக்குளிப்பான் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சிறகுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். ஆபத்து வந்தால் தாய் "வா" என்பாள். குஞ்சு ஏறிக்கொள்ளும். தாய் குஞ்சோடு முங்கிவிடுவாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அந்தக் குலமே பிழைத்து வருகிறது.

குமிழி சாதாரணத் தாய் அல்ல. திவலை முட்டைக்குள் இருக்கும்போதே பாடத்தைத் தொடங்கியவள். முட்டை மேல் உட்கார்ந்தபடி மீன்களின் பெயரையெல்லாம் உரக்கச் சொல்வாள். அயிரை, கெண்டை, கெளுத்தி, உளுவை. பொரிந்த நான்காம் நாளே திவலை முப்பது வரை எண்ணியது. பத்தாம் நாள் பகைவர் ஏழு பேரையும் வரிசை மாறாமல் ஒப்பித்தது.

"ஒண்ணு தண்ணிப்பாம்பு, ரெண்டு கீரி, மூணு பருந்து, நாலு உடும்பு, அஞ்சு நாரை, ஆறு விரால், ஏழு நாய்."

கேட்டவர்கள் அசந்துபோனார்கள். கேட்காதவர்களையும் குமிழி கூப்பிட்டுக் கேட்க வைத்தாள். புகழ் பரவியது. குஞ்சு வைத்திருந்தவர்கள் எல்லாரும் யோசனை கேட்டு வந்தார்கள். குஞ்சு இல்லாதவர்கள் யோசனை சொல்ல வந்தார்கள். இந்த இரண்டாம் வகையில் முதல் ஆள் சொறியப்பர் என்ற தவளை. மூன்று மழைக்காலத்தில் பத்தாயிரம் முட்டைக்குத் தகப்பனானவர். அவற்றில் ஒன்றின் முகமும் அவருக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவரால் எவ்வளவு நேரமும் பேச முடிந்தது.

இப்படிப் பேச்சு நடக்கும்போதெல்லாம் கோரைப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல் வரும்.

"அம்மா, இங்கே வா."

"இதோ வந்துட்டேன் கண்ணு" என்பாள் குமிழி. என்றுவிட்டு, "நீங்க சொல்லுங்க அண்ணே" என்று சொறியப்பர் பக்கம் திரும்புவாள்.

இங்கே இலக்கணம் கொஞ்சம் குறுக்கிடுகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். இனிமேல் செய்யப்போவதைச் செய்து முடித்ததாகச் சொல்வது பிழை. விரைவு காரணமாக ஒருவர் அப்படிச் சொன்னால் மட்டும் தமிழ் இலக்கணம் மன்னித்துவிடும். காலவழுவமைதி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறது. பெருந்தன்மையான ஏற்பாடுதான். என்றாலும் அந்தச் சலுகை நிஜமாகவே விரைந்து வருகிறவர்களுக்கு. "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தவளையோடு பேசிக்கொண்டு நிற்பவர்களுக்கு எந்த இலக்கணத்திலும் இடமில்லை.

குளத்தில் கடிகாரம் கிடையாது. ஒரு முக்குளிப்பான் ஒரு தடவை முங்கி எழும் நேரத்தை ஒரு முங்கு என்பார்கள். குமிழியின் "வந்துட்டேன்" வந்து சேர நான்கு முங்கு ஆகும். சில நாள் வராமலே போகும்.

ஒருநாள் திவலை பதினோரு முறை கூப்பிட்டது. கோரைத் தண்டில் ஒரு தும்பி பழைய தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. பதினோரு முறையும் "இதோ வந்துட்டேன்" என்று பதில் வந்தது. குமிழி வந்து சேர்ந்தபோது தண்டில் வெறும் தோல்தான் ஒட்டியிருந்தது.

"பறந்துடுச்சு அம்மா" என்றது திவலை.

"பரவாயில்லை. தும்பிக்கு எத்தனை கால், சொல்லு?"

"ஆறு."

"கெட்டிக்காரி" என்றாள் குமிழி. திவலை அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அதன்பின் சில நாளில் திவலையும் அதே சொல்லைச் சொல்ல ஆரம்பித்தது. "திவலை, வா" என்றால் "இதோ வந்துட்டேன்" என்று இனிமையாகப் பதில் சொல்லும். சொன்ன இடத்திலேயே மிதக்கும். கேட்டவர்கள் சிரித்தார்கள். "அப்படியே அம்மா குரல்" என்றார்கள். குமிழிக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சிரிக்காதவர் ஒருவர் மட்டும் இருந்தார். தென்கரையில் நின்ற சாம்பல் நாரை, பெயர் நெடுங்கழுத்தர். அவர் யாரோடும் பேச மாட்டார், எல்லாவற்றையும் கேட்பார். ஐந்து நாள் நின்று கேட்டார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்.

"இந்தக் குளத்துத் தமிழில் 'வந்துட்டேன்' என்றால் 'இன்னும் வரவில்லை' என்று பொருள். தாய்க்கு நான்கு முங்கு. குஞ்சுக்கு மூன்றரை. எனக்கு அரை முங்கு போதும்."

கோரை வரை நடந்து போகத் தண்ணீர் இன்னும் ஒரு சாண் வற்ற வேண்டியிருந்தது. அதுவரை அங்கே நின்று பயனில்லை என்று நெடுங்கழுத்தர் அடுத்த ஏரிக்குப் பறந்துவிட்டார். பாடத்தை முழுக்கப் படித்தாகிவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் முற்பகலில் குளத்தின் மேல் ஒரு நிழல் வழுக்கியது.

தவளைகள் சட்டென்று அடங்கின. தாழை என்ற நீர்க்கோழி தன் ஆறு குஞ்சுகளையும் நாணலுக்குள் தள்ளினாள். குமிழி நிமிர்ந்து பார்த்தாள். பருந்து. திவலை பத்தடி தள்ளித் தாமரை இலைகளுக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தது.

"திவலை, வா!"

"இதோ வந்துட்டேன்" என்றது திவலை. அண்ணாந்து பார்த்தது. முகம் மலர்ந்தது. "அம்மா, மூணாவது வந்திருக்கு!"

"வாடி!"

"வந்துட்டேன்னு சொன்னேனே. மூணாவதுதானே அம்மா? சரியா சொன்னேனா?"

பருந்து இறங்கியது. குமிழி முங்கினாள். முங்கிப் போய் எழும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திவலையின் நல்ல காலம், காற்றில் ஒரு தாமரை இலை புரண்டு அதன் மேல் கவிழ்ந்தது. பருந்தின் நகத்தில் இலைதான் சிக்கியது. பாதி இலையைத் தூக்கிக்கொண்டு பருந்து போயிற்று. மீதிப் பாதியின் அடியிலிருந்து திவலை எட்டிப் பார்த்தது.

"வரிசையெல்லாம் சரியா சொன்னேன். நீ கெட்டிக்காரின்னே சொல்லலை" என்றது.

குமிழி குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு கூட்டுக்குத் திரும்பினாள். மூன்று கூமுட்டைகளை அவள் தன் அலகாலேயே கூட்டிலிருந்து தள்ளியிருக்கிறாள். நான்காவதும் போயிருக்கும். அடுத்த தடவை காற்று இந்தப் பக்கம் அடிக்கும் என்று என்ன நிச்சயம்? கூப்பிட்டால் வராத பிள்ளைக்கு ஏழு பகைவரின் பெயர் தெரிந்து என்ன, எழுபது பெயர் தெரிந்து என்ன?

சொறியப்பர் விசாரிக்க வந்தார். இந்த மாதிரி நேரத்தில் அவர் வராமல் இருக்க மாட்டார்.

"தங்கச்சி, பிள்ளைன்னா பயம் வேணும். பயம் இல்லாத பிள்ளை கரை இல்லாத குளம் மாதிரி. நிக்காம ஓடிக்கிட்டே போகும்."

"என்ன சொல்லிப் பயமுறுத்தறது அண்ணே?"

"அதோ படுத்திருக்கே எருமை. கூப்பிட்ட உடனே வராத குஞ்சையெல்லாம் அது விழுங்கிடும்னு சொல்லு. அப்புறம் பாரு."

குமிழி அப்படியே சொன்னாள். திவலை கண்ணை அகல விரித்துக் கேட்டது. மறுநாள் காலையில் கூட்டில் குஞ்சைக் காணோம். குமிழி பதறித் தேடினாள். அது வடக்குத் துறையில், சேற்றில் கிடந்த எருமையின் மூக்குக்கு நேரே மிதந்துகொண்டிருந்தது.

"மாமா, நேத்து அம்மா மூணு தடவை கூப்பிட்டும் நான் வரலை. நீங்க என்னை எப்ப விழுங்குவீங்க?"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. "யாரு சொன்னா?"

"எங்கம்மா."

"நான் பிறந்ததிலேருந்து புல்லுதான் பாப்பா. உங்கம்மாவுக்கு வேற யாரோ எருமையைத் தெரியும் போல."

குமிழி குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். பாதி வழியில் முதுகிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அம்மா, பருந்தும் புல்லுதான் தின்னுமா?"

பிள்ளைக்கு இருந்த பயமும் போயிற்று.

அடுத்து நீர்க்கோழி தாழை வந்தாள். அவளுக்கு நேரம் குறைவு, பேச்சும் குறைவு.

"என் பிள்ளைங்க ஆறும் ஒரு குரலுக்கு வரும் அக்கா. வந்தா ஒரு புழு. வேற வித்தை ஒண்ணும் இல்லை."

இது நன்றாகவே வேலை செய்தது, இரண்டு நாள். மூன்றாம் நாள் குமிழி கூப்பிட்டாள்.

"திவலை, வா."

"என்ன புழு?"

"வாயேன், சொல்றேன்."

"செம்புழுன்னா வரேன். நேத்து மாதிரி நத்தைன்னா நான் இங்கேயே இருக்கேன்."

பருந்து தலைக்கு மேல் நிற்கும்போது புழுவின் நிறத்தைப் பேசித் தீர்க்க முடியுமா? தாழையிடம் கேட்டாள். தாழை தன் குஞ்சுகளை எண்ணிக்கொண்டே, "எனக்கு ஆறு இருக்கு அக்கா. ஒண்ணு போனாலும் அஞ்சு மிஞ்சும்" என்றாள். குமிழிக்கு ஒன்றுதான் இருந்தது.

யாரோதான் பிள்ளைக்கு இந்த 'வந்துட்டேன்' என்ற சொல்லைக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும் என்று குமிழிக்குத் தோன்றியது. தாழையின் குஞ்சுகளாக இருக்கலாம். துறைக்கு வரும் மைனாக்களாக இருக்கலாம்; அதுகளுக்கு எல்லா ஊர்ப் பேச்சும் தெரியும். கண்டுபிடித்தே தீருவது என்று அன்று பிற்பகல் சத்தமில்லாமல் முங்கிக் கோரைக்குப் பின்னால் எழும்பினாள். அலகும் கண்ணும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, நாணல் இடுக்கு வழியே பார்த்தாள்.

திவலை தனியாக விளையாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தாமரை மொட்டு. எதிரே தண்டில் ஒட்டிய ஒரு நத்தை. மொட்டின் பக்கம் சாய்ந்து திவலை கீச்சுக்குரலில் பேசியது.

"அம்மா, அம்மா, தும்பி சட்டை கழட்டுது. சீக்கிரம் வா."

உடனே நிமிர்ந்து, கழுத்தை நீட்டி, குமிழியின் குரலில் சொன்னது. "இதோ வந்துட்டேன் கண்ணு."

சொல்லிவிட்டு மொட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. நத்தையிடம் மிகவும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தது.

"நீங்க சொல்லுங்க அண்ணே. பிள்ளைங்களுக்கு நாம நேரம் ஒதுக்கணும். அதுதான் முக்கியம்."

மொட்டு மறுபடி கூப்பிட்டது. "அம்மா, பறக்கப் போகுது."

"வந்துட்டேன்னு சொல்றேன்ல. ஆமா அண்ணே, அப்புறம்?"

நத்தை ஒன்றும் சொல்லவில்லை. மொட்டும் அதற்குமேல் கூப்பிடவில்லை. திவலை அதைத் திரும்பிப் பார்த்து, "பரவாயில்லை. தும்பிக்கு எத்தனை கால்?" என்று கேட்டது.

குமிழி சத்தமில்லாமல் மறுபடி முங்கினாள். தண்ணீருக்குள் இருந்தால் கண் நனைந்தது யாருக்கும் தெரியாது. அது அந்தக் குலத்துக்கு ஒரு வசதி. கற்றுக் கொடுத்தவர் யார் என்று தேடி வந்தவள், கண்டுபிடித்துவிட்டாள். மைனாக்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

அவள் திவலையிடம் எதுவும் சொல்லவில்லை. தன் சொல்லுக்கு அப்போது பிள்ளையிடம் மதிப்பு எவ்வளவு என்று அவளுக்கே தெரியும். மறுநாள் காலையில் சொறியப்பர் வந்து ஒரு நீண்ட விஷயத்தைத் தொடங்கியிருந்தார். கோரைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அம்மா, இங்கே வா."

"இதோ வந்து—" என்று வாய் பழக்கத்தில் தொடங்கியது. குமிழி அலகை மூடினாள். முங்கினாள். சொறியப்பரின் வாக்கியம் எழுவாயோடு நின்றது.

திவலையின் பக்கத்தில் அவள் எழும்பியபோது குஞ்சு திடுக்கிட்டுப் பின்வாங்கியது.

"ஏன் வந்தே?"

"கூப்பிட்டியே."

திவலை யோசித்தது. "கூப்பிட்டா வருவாங்களா?"

"வரணும்" என்றாள் குமிழி. "என்ன காட்டக் கூப்பிட்டே?"

காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நீர்க்குமிழ் வந்து உடைந்திருந்தது, அவ்வளவுதான். திவலை கொஞ்சம் வெட்கப்பட்டது. "இன்னொண்ணு வரும்" என்றது. இருவரும் காத்திருந்தார்கள். இன்னொன்று வந்தது. இருவரும் பார்த்தார்கள். எண்ணவில்லை.

அன்று பிற்பகலில் குமிழி ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள்.

"யார் கூப்பிட்டாலும் மத்தவங்க 'இதோ வந்துட்டேன்'னு சொல்லணும். ஆனா, 'டேன்' முடியறதுக்குள்ள பக்கத்துல வந்திருக்கணும். வரலைன்னா தோல்வி. தோத்தவங்க ஜெயிச்சவங்களைச் சுமக்கணும்."

"நீ தோத்தா?"

"நான்தான் தினமும் சுமக்கிறேனே. நீ தோத்தா என்னைச் சுமக்கணும்."

திவலை முதல் ஆட்டத்திலேயே தோற்றது. நேர்மையான பிள்ளை, அம்மாவைச் சுமக்கப் பார்த்தது. குமிழி ஒரு காலை மெதுவாக வைத்ததுமே அது தண்ணீருக்குள் போய், இருமிக்கொண்டே எழும்பியது. அடுத்த ஆட்டத்திலிருந்து அதன் வேகம் கூடிவிட்டது.

விளையாட்டுக்கு இரண்டாவது விதி ஒன்றைத் திவலையே போட்டது. "வர முடியலைன்னா 'வந்துட்டேன்'னு சொல்லக் கூடாது. எத்தனை முங்கு ஆகும்னு சொல்லணும்." குமிழி ஒப்புக்கொண்டாள். அதன்பின், கூட்டுக்குப் பாசி சுமந்து வரும்போது குஞ்சு கூப்பிட்டால், "வரலை கண்ணு, ரெண்டு முங்கு ஆகும்" என்பாள். திவலை உட்கார்ந்து எண்ணும். ஒன்று. இரண்டு. அம்மா பக்கத்தில் இருப்பாள். முப்பது வரை ஒப்பித்த பிள்ளை, இரண்டு என்றால் எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டது.

பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. ஒரு தடவை சொறியப்பரின் பேச்சில் மயங்கிக் குமிழி சும்மா "வந்துட்டேன்" என்றுவிட்டாள். பேச்சின் நடுவில் நினைவு வந்து, அடித்துப் பிடித்துக்கொண்டு போனாள். திவலை கோரையோரம் கண்டிப்பாகக் காத்திருந்தது.

"தோத்துட்டே."

"ஆமா, தோத்துட்டேன். ஏறு."

ஒப்பிக்கும் பாடமும் மாறியது. "மூணு" என்று குமிழி சொன்னால் திவலை "பருந்து" என்று சொல்ல வேண்டியதில்லை. முதுகில் ஏற வேண்டும். பெயரைத் தண்ணீருக்கு அடியில் போனபின் சொல்லிக்கொள்ளலாம். சொறியப்பருக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளை முன்ன மாதிரி ஒப்பிக்கறதில்லையே தங்கச்சி, படிப்பு போச்சோ?" என்று கேட்டார். "இப்பதான் ஆரம்பிச்சிருக்கு அண்ணே" என்றாள் குமிழி.

நாரை போன பத்து நாளில் தண்ணீர் ஒரு சாண் வற்றியது. நெடுங்கழுத்தர் திரும்பி வந்தார்.

காலை வெயில் அப்போதுதான் குளத்தில் இறங்கியிருந்தது. குமிழி நடுக்குளத்தில் சொறியப்பரின் தாமரை இலைக்குப் பக்கத்தில் இருந்தாள். திவலை கோரையோரத்தில் சின்ன மீனைத் துரத்திக்கொண்டிருந்தது. நாரை தென்கரையிலிருந்து காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். தண்ணீர் கலங்கவில்லை. அவர் நினைத்தபடியே இப்போது அது முழங்காலுக்குக் கீழே இருந்தது. கோரைக்குப் பின்னால் வந்து நின்றார். குஞ்சுக்கும் அவருக்கும் நடுவில் நான்கடி.

திவலை நிமிர்ந்தது. இரண்டு நீளக் கால்கள். மேலே ஒரு நீளக் கழுத்து. அதன் நுனியில் ஒரு நீள அலகு. ஐந்து என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டது. வாயால் வேறொன்று சொன்னது.

"அம்மா, வா!"

நடுக்குளத்திலிருந்து பதில் வந்தது. "இதோ வந்துட்டேன்!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் நெடுங்கழுத்தரின் மனம் குளிர்ந்தது. எல்லாம் பாடத்தில் உள்ளபடியே இருந்தது. நான்கு முங்கு நேரம். அவசரமே இல்லை. கழுத்தை ஒருமுறை மடித்துச் சரிபார்த்துக்கொண்டார். வாழ்நாளில் யாரோடும் பேசாதவருக்கு அன்று பேச வேண்டும் போலவும் இருந்தது.

"பயப்படாதே பாப்பா. உங்கம்மா வர்றதுக்கு இன்னும்—"

அந்த வாக்கியமும் முடியவில்லை. அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் தண்ணீர் வெடித்தது. கூர்மையான ஏதோ ஒன்று இடது முழங்காலில் ஏறியது. குமிழியின் அலகு. முக்குளிப்பான் சின்னப் பறவைதான். ஆனால், அடியிலிருந்து வருகிறவரின் அளவை மேலே நிற்பவரால் கணக்கிட முடியாது. நாரை ஒற்றைக் காலில் தள்ளாடினார்.

"திவலை, வா!"

தள்ளாட்டத்திலும் நெடுங்கழுத்தர் நம்பிக்கை இழக்கவில்லை. குஞ்சுக்கு மூன்றரை முங்கு இருக்கிறதே. நிலைகொண்டு, குறிபார்த்து, அலகை இறக்கினார்.

"இதோ வந்துட்" என்றது திவலை. மீதியைத் தாயின் சிறகுக்குள்ளிருந்து சொன்னது. அப்போது இருவரும் தண்ணீருக்கு அடியில் இருந்தார்கள்.

நாரையின் அலகு சேற்றில் கண் வரை புதைந்தது. அதைப் பிடுங்கி எடுப்பதற்கு இரண்டு முங்கு நேரம் ஆயிற்று. அதைத் திவலை நடுக்குளத்தில், அம்மாவின் முதுகில் உட்கார்ந்து, சரியாக எண்ணியது.

"அஞ்சாவதுதானே அம்மா?" என்று அதன்பிறகே கேட்டது.

"அஞ்சாவதுதான்" என்றாள் குமிழி. "டேன் முடியறதுக்குள்ள வந்துட்டே."

"நீயும் வந்துட்டே."

நெடுங்கழுத்தர் அலகைக் கழுவிக்கொண்டு, நொண்டியபடி கரையேறினார். துறையில் படுத்திருந்த எருமை தலையைத் திருப்பி, "என்ன ஐயா, கால்ல?" என்று விசாரித்தது.

"இந்தக் குளத்துல பாஷையே கெட்டுப்போச்சு" என்றார் நாரை கசப்பாக. "வந்துட்டேன்னு சொல்றாங்க. வந்தே விடறாங்க."

அன்றே அவர் வேறு ஊருக்குப் போனார். பத்து நாளைக்கு முன் படித்ததை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்ததுதான் அவர் செய்த ஒரே தவறு.

சொறியப்பர் தன் இலையில் உட்கார்ந்து அன்று முழுவதும் யோசித்தார். மாலையில் குமிழியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கொஞ்சம் வாயேன். பிள்ளை வளர்ப்புல எனக்குப் புதுசா ஒண்ணு தோணுது."

"வரலை அண்ணே" என்றாள் குமிழி. "இருபது முங்கு ஆகும். கோரையில ஒரு தும்பி சட்டை கழட்டுது."

கூப்பிட்டதும் பிள்ளை வர வேண்டும் என்று நினைப்பவர்கள், பிள்ளை கூப்பிட்டதும் முதலில் தாங்கள் வந்து பழக வேண்டும். ஏனென்றால் நாம் சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளைகள் ஒப்பிக்கும், நாம் செய்வதையோ அப்படியே செய்யும்.